பாதிச் சவரம்

நான் வேலை செய்த மனநல மருத்துவமனையில் இப்போது, நோயிலிருந்து மீண்டு வந்தவர்களையே வேலைக்கு எடுக்கிறார்கள். அவர்கள் நோயாளிகளோடு இருந்து கதைக்கிறார்கள், நடக்கப் போகிறார்கள், கோப்பி குடிக்கிறார்கள். செய்தியைச் சொன்னவள் சுகன்யா. சுவிஸில், லுசேர்ணிலேயே பிறந்து வளர்ந்து, அதே மருத்துவமனையில் தாதியாக இருக்கும் பிள்ளை. "அங்கிள், உங்கட காலத்தில இப்பிடி ஒண்டும் இருந்திருக்காதுதானே?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

இருந்தது என்றேன். அதற்கு அப்போது ஒரு பெயர் இருக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்து வயிறெரிந்தவனும் நான்தான்.

"அப்ப அதை எழுதுங்கோ" என்றாள். எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயர்கள் எல்லாம் மாற்றியவை. பொறாமை மட்டும் அசல்.

மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்தவன் நான். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவத் தொடங்கினேன். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் உதவிப் பராமரிப்பாளர் பயிற்சி எடுத்தேன், முதியோர் இல்லமொன்றில் கொஞ்சக் காலம் இருந்தேன், பிறகு லுசேர்ணுக்கு அருகில் இந்த மருத்துவமனை. பென்ஷன் வரை அங்கேதான். மருந்து எழுதுவது டொக்டர்மாரின் வேலை. கொடுப்பது தாதிமாரின் வேலை. குளிக்க வார்ப்பது, சாப்பாடு கொடுப்பது, பக்கத்தில் இருப்பது எங்கள் வேலை. அதில் பக்கத்தில் இருப்பதுதான் கஷ்டமானது.

அதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் பிரிவின் தலைமைத் தாதி ஃப்ராவ் எஷ்லிமன். எமெந்தால் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஆளும் சிறியவர், குரலும் சிறியது. வேலை மாறும் நேரத்தில் ரப்போர்ட் என்று ஒரு கூட்டம் நடக்கும். வேலை முடித்துப் போகிறவர்கள் ஒவ்வொரு நோயாளியும் எப்படி இருந்தார் என்று அடுத்து வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்லவேண்டும். அதில் யாராவது "அவர் கோபமாக இருந்தார்" என்று சொல்லிவிட்டால் ஃப்ராவ் எஷ்லிமன் பேனாவை மேசையில் வைத்துவிடுவார்.

"கோபத்தை எப்படிப் பார்த்தாய்? எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. அவர் என்ன செய்தார்?"

"கதவைச் சாத்தினார்."

"பலமாகவா?"

"பலமாக."

"அப்படியானால் கதவைப் பலமாகச் சாத்தினார் என்று சொல். முதலில் பார்த்ததைச் சொல். நினைத்ததைப் பிறகு கேட்கிறேன்."

யாரையும் பாராட்டமாட்டார். நீங்கள் செய்தது சரியென்றால் "ஸோ" என்பார். அந்த ஒரு "ஸோ"வுக்காக நாங்கள் நாள் முழுவதும் காத்திருப்போம்.

பேசாத நோயாளியின் அறைக்குள் எப்படிப் போவது என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கதவைத் தட்டவேண்டும். பதில் வராது என்று தெரிந்தாலும் வரும் என்பதுபோலக் காத்திருக்கவேண்டும். உள்ளே போனால் அவர் பார்வை படும் இடத்தில் நின்று பெயரைச் சொல்லவேண்டும். கதிரையை நேருக்கு நேர் போடக்கூடாது, கொஞ்சம் சரிவாகப் போடவேண்டும். அவருக்கும் கதவுக்கும் நடுவில் உட்காரவே கூடாது. கைகள் மடியில் இருக்கட்டும். கேள்வி ஒன்றே ஒன்று. உடம்பைத் தொடுவதென்றால் எங்கே, எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் தொடலாம். வேண்டாம் என்று முகம் திருப்பினால் எழும்பிவிடவேண்டும். ஆனால் எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லி, சொன்னபடி வரவேண்டும். "வராவிட்டால் அதற்கு முதல் செய்ததெல்லாம் குப்பை" என்பார்.

இந்த முறையை நான் ஆகக்கூடப் பாவித்தது வரதன் என்ற ஒருவனுக்காக.

ஊரில் போர் முடிந்த வருடம் அது. இரண்டாயிரத்து ஒன்பது. இங்கே எங்கள் ஆட்களின் வீடுகளில் தொலைக்காட்சி அணையாமல் ஓடிய மாதங்கள். வரதன் லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சமையல்காரன். தாயும் அக்கா குடும்பமும் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. சில கிழமை வேலைக்குப் போய்வந்தான். பிறகு ஒரு மதியம் சமையல் உடுப்போடு நடந்துபோய் ஏரிக்குள் நெஞ்சளவு தண்ணீரில் நின்றான். கூப்பிட்டவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொலிஸ் இறங்கித்தான் கரைக்குக் கொண்டுவந்தது. எங்களிடம் வந்தபோது பேச்சு நின்றுபோயிருந்தது.

டொக்டர் என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்கு அவருடைய மொழி தெரியும். எங்களால் திறக்கமுடியாத கதவை நீங்கள்தான் திறக்கவேண்டும்" என்றார். அன்று நான் கொஞ்சம் உயரமாக நடந்தேன் என்று நினைக்கிறேன். இந்த நாட்டில் என் தமிழ் ஒரு தகுதியாகக் கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

கோடை முழுக்க, இலையுதிர் காலம் முழுக்க அவன் அறையில் கதிரையைச் சரிவாகப் போட்டு இருந்தேன். மட்டக்களப்பு வாவியைப் பற்றிச் சொன்னேன். தமிழ்ப் பத்திரிகை வாசித்தேன். மனைவியிடம் சொல்லிப் புட்டு அவித்துக் கொண்டுபோனேன். தட்டைப் பார்த்துவிட்டு யன்னலைப் பார்த்தான். தாடி நெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது. "தம்பி, தாடியை எடுத்து விடட்டோ?" என்று கேட்பேன். முகத்தைத் திருப்புவான். "சரி, சாப்பாட்டுக்குப் பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு போவேன். திரும்பவும் முகத்தைத் திருப்புவான்.

என் சொந்தத் தம்பி கிளிநொச்சியில் கலியாணம் செய்திருந்தான். வரதனின் தாயும் அக்காவும் செத்த அதே கிழமைகளில்தான் அவனும் போனான். நான் லீவு எடுத்து வீட்டில் கிடந்தேன், பிறகு வேலைக்கு வந்தேன். சொந்த விஷயம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஒருவரும் மேலே கேட்கவில்லை. இங்கே கேட்காமல் விடுவதுதான் மரியாதை.

பிறகு ஜீனோ வந்தார். தெற்கு இத்தாலியிலிருந்து இளம் வயதில் வந்து, இந்த ஊரின் பாதிக் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் மேசன். மனைவி இறந்துவிட்டார். மனம் ஏறினால் வானம், இறங்கினால் பாதாளம். அந்த நோயோடு சில வருடங்களுக்கு ஒருமுறை எங்களிடம் வந்து போவார். ஏறியிருக்கும்போது அவருடைய சத்தம் மூன்று அறைகளுக்குக் கேட்கும். எனக்கு அவரைப் பிடிக்காது. எல்லோருக்கும் பிடிக்கும், அதனாலும் பிடிக்காது.

அவருடைய மகள் லூசியா லுசேர்ணில் பஸ் ஓட்டுபவள். அவள் ஒருநாள் ஒரு இத்தாலியப் படம் கொண்டுவந்து தந்தாள். புதன்கிழமைப் பின்னேரங்களில் சாப்பாட்டு மண்டபத்தில் படம் போடுவோம். வரதனை நான்தான் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

படத்தின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. கடற்கரைப் பட்டினமொன்றில் சேர்ந்து சலூன் நடத்தும் இரண்டு சிநேகிதர்களின் கதை. ஒருவனுக்கு மனம் பிசகிவிடுகிறது. பேச்சு நிற்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மற்றவன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து அவனுக்குச் சவரம் செய்துவிடுகிறான். செய்துகொண்டே ஊர்ப் புதினம் எல்லாம் சொல்கிறான். பதிலே இல்லை. கடைசியில் ஒரு ஞாயிறு பாதி முகத்தை மட்டும் வழித்துவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறான். நோயாளி பாதித் தாடியோடு முற்றம் முழுக்க அவனைத் துரத்திக்கொண்டு போய், வாயைத் திறந்து கத்துகிறான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஜீனோ கதிரையில் எழும்பி நின்று கைதட்டினார். நான் வரதனைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் அவன் கை மெதுவாக எழும்பிக் கன்னத்தைத் தொட்டது.

ரப்போர்ட்டில் சொன்னேன். "கன்னத்தைத் தொட்டார்."

"ஸோ" என்றார் ஃப்ராவ் எஷ்லிமன். எனக்கு அன்றைக்கு அது போதுமாயிருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜீனோவும் பார்த்திருக்கிறார்.

அடுத்த நாள் காலைச் சாப்பாடு முடிந்து குளியலறைப் பக்கம் போனபோது கதவு திறந்திருந்தது. வரதன் முக்காலியில் இருந்தான். கழுத்தில் துவாய். ஜீனோ பிரிவின் மின்சார மெஷினால் அவன் தாடியை வெட்டிக்கொண்டிருந்தார். பிளேடு எங்கள் பிரிவில் கிடையாது. மெஷினும் பூட்டிய அலுமாரிக்குள்தான் இருக்கும். திரும்பிப் பார்த்தேன். ஃப்ராவ் எஷ்லிமன் நடைபாதை மூலையில் நின்று, ஏற்கெனவே மடித்த துவாய்களைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லாமல் கொடுத்திருக்கிறார்.

வலது கன்னம் வெளுப்பாக வெளியே வந்தது. ஜீனோ மெஷினை நிறுத்தி, சட்டைப் பைக்குள் போட்டு, வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வெளியே நடந்தார்.

வரதன் கண்ணாடியைப் பார்த்தான். இப்படி ஒரு மனிதனை அவமானப்படுத்தலாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய், "தம்பி, மற்றப் பக்கத்தை நான் எடுத்து விடுறன்" என்றேன். அவன் எழும்பினான். திறந்து கிடந்த கதவை விலக்குவதுபோல என்னை ஒரு கையால் விலக்கிவிட்டு நடைபாதைக்குப் போனான்.

"ஜீனோ!"

அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. ஜீனோ காது கேளாதவர்போல நடந்துகொண்டிருந்தார்.

"ஜீனோ! ஃபினீஷி! ஃபினீஷி, போர்க்கா மிசேரியா!"

முடி, சனியனே, முடித்துவிட்டுப் போ என்று அர்த்தம். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஹோட்டல் குசினியில் அவனுடைய தலைமைச் சமையல்காரர் இத்தாலியர். பல வருடங்கள் அடுப்படியில் அந்த மொழியில்தான் ஏச்சு வாங்கி, அந்த மொழியில்தான் திருப்பி ஏசியிருக்கிறான்.

அறைகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். ஃப்ராவ் எஷ்லிமனின் கண் கலங்கியிருந்தது. நான் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலையணை உறைகளுக்கு நடுவில் நின்றேன். எத்தனை மாதம் தமிழில் கெஞ்சியிருப்பேன்! அவன் வாய் திறந்தபோது அதில் ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. அந்த மேசனுக்கு ஒரு பயிற்சியும் இல்லை, பொறுமையும் இல்லை. கதிரையைச் சரிவாகப் போடவேண்டும் என்பதுகூடத் தெரியாது.

அதற்குப் பிறகு இருவரையும் பிரிக்கமுடியவில்லை. காலையில் சவரம், பின்னேரம் சீட்டு, நடுவில் தோட்டத்தைச் சுற்றி நடை. இத்தாலியன், ஜெர்மன், கொஞ்சம் தமிழ் என்று மூன்றையும் குழைத்து அவர்களுக்கென்று ஒரு பாஷை. நான் பக்கத்தில் போனால் வரதன் மரியாதையாகத் தலையாட்டுவான். அவ்வளவுதான். ஒருநாள் ரப்போர்ட்டில், "இருவரும் மதியம் முழுக்கச் சத்தமாகச் சிரித்தார்கள்" என்றேன்.

ஃப்ராவ் எஷ்லிமன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது முறைப்பாடா?"

நான் அடுத்த நோயாளியின் பெயரைச் சொன்னேன்.

பனிக்காலத்தில் ஜீனோ விழுந்தார். அவருடைய நோயில் அது எதிர்பார்த்ததுதான். சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழும்பவில்லை. சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். லூசியா வேலை உடுப்போடு வந்து கட்டிலில் இருந்து முதுகைத் தடவிவிட்டுப் போவாள். நானும் என் முறைப்படி தட்டினேன், காத்திருந்தேன், இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், இனி வரதன் என்னிடம்தான் வரவேண்டும் என்ற நினைப்பும் இருந்தது.

வந்தான்.

"அண்ணை, குசினித் திறப்பை ஒருக்காத் தாறியளோ?"

எனக்கு அவன் சொன்ன முதல் தமிழ் வசனம் அது. எங்கள் பிரிவில் நோயாளிகள் சமைத்துப் பழக ஒரு சின்னக் குசினி இருந்தது, பூட்டித்தான் இருக்கும், சாவி எங்களிடம். உள்ளே கத்திகளும் இருந்தன. கேட்பவன் ஏரியிலிருந்து தூக்கிவரப்பட்டவன். நான் அவன் முன்னிலையிலேயே ஃப்ராவ் எஷ்லிமனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்ன பார்க்கிறாய்?" என்றார்.

"என் கண்ணைப் பார்த்துக் கேட்கிறான். கை நடுங்கவில்லை. முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு வந்திருக்கிறான்."

"நினைப்பது என்ன?"

"நானும் கூட நிற்கிறேன்."

"ஸோ."

கத்தியை அவன் தொடவேயில்லை. அரிசி கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தான். அரிசி கரைந்து வரும்வரை கிண்டினான். கொஞ்சம் உப்புப் போட்டான். அலுமாரியில் தேங்காய்ப்பால் டின் ஒன்று இருந்தது. கஞ்சிக்கு நல்லாயிருக்குமே என்று எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது எந்தக் கஞ்சி என்று. போரின் கடைசி நாட்களில் அங்கே பதுங்கு குழிகளுக்கு நடுவில் வரிசையில் நின்று எங்கள் சனம் வாங்கிக் குடித்தது இதைத்தான். அரிசி, தண்ணீர், உப்பு. அவனுடைய தாய் குடித்தது. என் தம்பியும் குடித்திருப்பான்.

கிண்ணத்தோடு போய் ஜீனோவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்தான். தட்டவில்லை, பெயர் சொல்லவில்லை, கேள்வி கேட்கவில்லை. கரண்டியில் எடுத்து ஊதினான். ஊதிக்கொண்டே அவர்களுடைய பாஷையில் சொல்லத் தொடங்கினான். நான் கதவடியில் திறப்போடு நின்றேன். எனக்குப் பிடிபட்ட சொற்கள் கொஞ்சம். கஞ்சி. மாமா மீயா என்றால் என் அம்மா. அக்காவின் பிள்ளைகளின் பெயர்கள். பிறகு அவன் குரல் உடைந்தது. நான் பல மாதங்கள் எந்தக் கதைக்காகக் காத்திருந்தேனோ அந்தக் கதையை, எனக்கு விளங்காத மொழியில், ஒரு மேசனின் முதுகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த முதுகு அசைந்தது. ஜீனோ திரும்பினார். கரண்டியை வாங்கவில்லை. வரதனின் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையாலேயே தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

அதுவரை எனக்கு ஜீனோவில்தான் பொறாமை என்று நினைத்திருந்தேன். அங்கே நிற்கும்போது தெரிந்தது, இல்லை, வரதனில். என் தம்பி செத்தபோது நான் யாருடைய கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன்? யாருடைய மணிக்கட்டு எனக்கு இருந்தது? இவன் ஏரிக்குள் இறங்கினான், பேச்சை விட்டான், தாடி வளர்த்தான். அவனுக்கு ஒரு சிநேகிதன் கிடைத்தான். நான் ஒழுங்காக வேலைக்கு வந்தேன்.

இளவேனிலில் இருவரையும் வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்தது. மேசையைச் சுற்றி டொக்டர், ஃப்ராவ் எஷ்லிமன், லூசியா, நான். பேர்ண் பக்கத்தில் மேற்பார்வையோடு தங்கும் வீடொன்று இருப்பதாக டொக்டர் சொன்னார். அங்கே ஒரு தமிழ்ப் பராமரிப்பாளர் இருக்கிறார், தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும், கோயிலும் தூரமில்லை. ஜீனோவோ வரதன் தன் வீட்டு மற்ற அறைக்கு வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். லூசியா பயந்தாள். "இரண்டு பேரும் நோயாளிகள். ஒருவர் விழுந்தால் மற்றவரையும் இழுத்துக்கொண்டுதான் விழுவார். நான் பஸ் ஓட்டுவதா, இவர்களைப் பார்ப்பதா?" அவள் சொன்னதில் பிழை இல்லை.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். அவருக்குத் தன் ஆட்களோடு இருப்பதுதானே நல்லது?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது நியாயமாகவும் கேட்கும். அவர்கள் பேர்ணுக்கும் லுசேர்ணுக்குமாகப் பிரிந்துவிடுவார்கள். அந்தச் சொல் என் நாக்கில் நின்றது.

"முதலில் பார்த்ததைச் சொல்" என்றார் ஃப்ராவ் எஷ்லிமன்.

கஞ்சியைச் சொன்னேன். மணிக்கட்டைச் சொன்னேன். லூசியாவைப் பார்த்து, "ஒருவர் விழுந்தபோது மற்றவர் எழும்பினார். நான் பார்த்தது அதுதான்" என்றேன். "தமிழ் கதைக்க என்னைப்போல ஆயிரம் பேர் கிடைப்பார்கள். அவருக்கு ஜீனோதான் வேண்டும்."

முயற்சி செய்து பார்க்கலாம் என்றாள் லூசியா. மருத்துவமனை ஆட்கள் கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவானது.

வெளியே வந்ததும் ஃப்ராவ் எஷ்லிமன், "உள்ளே உன் முகம் புளித்த பால் மாதிரி இருந்தது" என்றார்.

"தெரியும்."

அவர் போகவில்லை. நடைபாதை வாங்கில் உட்கார்ந்து பக்கத்தைக் காட்டினார். உட்கார்ந்தேன். எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை, தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டார். "அவருடைய பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் கஷ்டப்பட்டு, எமெந்தால் நாக்கால் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு இருவரும் வேலைக்குப் போனோம்.

ஜீனோவும் வரதனும் பல வருடங்கள் ஒன்றாக இருந்தார்கள். ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால் மற்றவர் பார்க்க வருவார். வரதன் பாடசாலை ஒன்றின் குசினியில் வேலைக்குச் சேர்ந்தான். சிலவேளை லுசேர்ண் ஸ்டேஷனில் காண்பேன். கையில் லீக்ஸ் கட்டோடு, எதற்கு எவ்வளவு உப்பு என்று சண்டைபிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள். "வீட்டுக்கு வாங்கோ அண்ணை" என்பான். "பாப்பம்" என்பேன். போகவில்லை. அவர்கள் ஏறிய பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான்.

நான் பென்ஷன் எடுத்த பிறகு ஜீனோ மாரடைப்பில் போனார். வரதன்தான் தொலைபேசி எடுத்தான். தேவாலயத்தில் அவன் எழும்பிப் பேசினான். பெரும்பாலும் இத்தாலியன். வந்திருந்த முதிய மேசன்மார் அழுதார்கள், சிரித்தார்கள். நான் இரண்டும் செய்யாமல் இருந்தேன், விளங்காதபடியால்.

பிறகு பக்கத்து மண்டபத்தில் கோப்பியும் கேக்கும் தந்தார்கள். லூசியா என்னை ஒரு கிழவருக்கு அறிமுகப்படுத்தினாள். "நீங்களும் ஜீனோவின் சிநேகிதரா?" என்று அவர் ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவன்" என்றேன்.

வரதன் அதைக் கேட்டுக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. முகம் சுத்தமாக வழித்திருந்தது. "அண்ணை, ஜீனோ உங்களுக்கு ஒரு பேர் வைச்சிருந்தவர், தெரியுமோ? இல் ஜெலோசோ. பொறாமைக்காரன்."

எனக்கு முகம் சுட்டது. "அவருக்கு அது தெரியுமோ?"

"எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். முதல் நாளே தெரியும். நீங்கள் கதவடியில நிண்டு பாக்கிற பார்வை..." சிரித்தான். "அண்ணை, அங்க டொக்டர், தாதிமார், வாறவை போறவை எல்லாரும் எங்களைப் பாவம் எண்டுதான் பாத்தவை. நீங்கள் ஒராள்தான் எங்களிட்ட இருக்கிறது உங்களுக்கும் வேணும் எண்டு பாத்தனீங்கள். ஜீனோ சொல்லுவார், வரதா, அந்த ஆள் பாக்கிற வரைக்கும் நாங்கள் பைத்தியம் இல்லையடா எண்டு."

லூசியா, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள். நான் ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். நடுவில் ஒருமுறை நிறுத்தவேண்டியிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவும் பொறாமையோ அண்ணை?" என்றான் வரதன்.

அவனைப் பார்த்தேன். சிநேகிதனைப் புதைத்துவிட்டு வந்து நிற்பவன். அழுவதற்கு அவனுக்கு ஒரு ஆள் இருந்தது.

"ஓம்" என்றேன். "இப்பவும்தான்."